நடுவிலிருந்து அறுத்த வயல்

காடைக்கறி தின்னாத சாமியார் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். கடையில் விற்கும் வளர்ப்புக் காடையை வாங்கி வறுத்து எலும்போடு மென்று தின்கிறவள்தான் நான். ஆனால் அறுவடை நாளில் எங்கள் ஆண்கள் செய்தது வயிற்றுக்கான காரியமே இல்லை. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அடைப்பு.

கோதுமையை எல்லாரும் ஓரத்திலிருந்துதான் அறுப்பார்கள். மெஷின் வயலைச் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் நிற்கிற பயிர் குறுகிக்கொண்டே போகும். பயிருக்குள் தரையில் கூடு வைத்திருக்கும் காடை, கவுதாரி, வானம்பாடி எல்லாம் சத்தத்துக்குப் பயந்து உள்ளே உள்ளே ஒதுங்கும். அறுத்துவிட்ட வெட்டவெளியைத் தாண்டி ஓட அவற்றுக்குத் தைரியம் வராது. கடைசியில் வயலின் நடுவில் ஒரு அறை அளவுக்குப் பயிர் நிற்கும். மொத்த வயலின் உயிரும் அதற்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். அப்போது மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆண்கள் கம்போடும் நாயோடும் சுற்றி நிற்பார்கள். பிறகு மெஷின் உள்ளே நுழையும். வெளியே வருவதை இவர்கள் அடிப்பார்கள். வராததை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

இந்த அடைப்புக்கு ராஜா என் அண்ணன். முதல் அடி அவனுடையது. அவன் அடிக்காமல் வேறு யாரும் கம்பைத் தூக்க மாட்டார்கள். வருஷம் முழுக்க மழைக்கும் விலைக்கும் வங்கி மேனேஜருக்கும் பயந்து கிடக்கிறவன், அந்த ஒரு மத்தியானம் யாருக்கும் பயப்பட மாட்டான். கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணத்துக்கு முன்பு தெருவில் என்னைக் கேலி பேசியவனின் முன்பல் இரண்டை ஒரே குத்தில் எடுத்து என் கையில் கொடுத்தவன் அவன். அவனுடைய பாசமும் அடியாகத்தான் வெளியே வரும்.

போன வருஷம் அறுவடை முடிந்த மாலை அவன் வீட்டு அடுப்படிக்குப் போயிருந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டி நிறைய இறகு. அண்ணி முழங்கை வரை ரத்தமாக உரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள், கூழாகிப் போனவையும் முழுசாக இருந்தவையும் கலந்து. இதையெல்லாம் எவன் உரிக்கிறது, நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, சாக்கடையில் கொட்டணும் என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். மேலே கிடந்த ஒரு குஞ்சு வாயைத் திறந்து மூடியது. கூடத்தில் அண்ணன் தன் கூட்டாளிகளுக்கு எந்தக் காடையை எப்படி அடித்தான் என்று கையை வீசி வீசிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் மேசைமேல் கவிழ்த்தேன்.

அவன் என்னை அறைந்தான். நான் திருப்பி அறைந்தேன். அவனுக்கு உதடு கிழிந்தது, எனக்குக் காதில் இரண்டு நாள் வண்டு கத்தியது. ஐம்பதை நெருங்கும் அண்ணனும் தங்கையும் இப்படி அடித்துக்கொண்டதைப் பார்த்து அவன் கூட்டாளிகள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், என் பங்கு வயலில் இனி அடைப்பு கிடையாது என்று.

அப்பா போனபின் பிரித்ததில் எனக்கு வந்தது வாய்க்காலை ஒட்டிய வயல். இடது பக்கம் அண்ணன் வயல், வலது பக்கம் வாய்க்கால். வாய்க்கால் ஓரமாக ஒரு பட்டை நிலத்தை உழாமல் புதராக விட்டிருந்தேன். பூச்சி மருந்தையும் நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. பறவை புழுவைத் தின்கிறது, அதனால் மருந்துச் செலவு மிச்சம் என்று கேட்கிறவர்களிடம் சொல்வேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. எனக்கு அவற்றைப் பிடிக்கும். விடியும்போது ஒரு வானம்பாடி நேராக மேலே ஏறிக் கத்திக்கொண்டே இருப்பதைக் கேட்டால் அன்றைக்கு எனக்கு யாரையும் திட்டத் தோன்றாது. என் வீட்டுக்காரருக்கு அதுவே பெரிய லாபம்.

இந்த வருஷம் மழை முந்திக்கொள்ளும் போலிருந்தது. பயிரைச் சீக்கிரமே அறுத்தாக வேண்டும். ஆனால் இரண்டாம் தடவை பொரித்த குஞ்சுகள் பறக்கிற பருவத்துக்கு வரவில்லை. பெரிய பறவை பயந்தால் பறந்துவிடும். குஞ்சுக்கு வேறு புத்தி. சாவகாசமாகத் துரத்தினால் தாய்க்குப் பின்னால் நடந்து போகும். பெரிதாகப் பயந்துவிட்டால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், அப்புறம் தலைமேல் மலை விழுந்தாலும் அசையாது. அதனால் மெஷினை நடுவில் இறக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாட்டுவண்டி வேகத்தில் அறுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படி அறுத்தால் எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, வரப்பு வழியாகவும் புதருக்குள்ளும் நடந்து போய்விடும். என் வயலில் பிறந்த குஞ்சு ஒரு தடவையாவது முழுசாக வெளியே நடந்து போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மெஷின்காரரை வெல்டிங் பட்டறையில் பிடித்தேன். கத்தி வரிசையைக் கழற்றிச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் இரும்புத் தூள், காலில் குத்தியது. நடுவில் இறங்கினால் போகிற வழியில் பயிர் மிதிபடும், டீசல் கூடும், ஊரே சிரிக்கும் என்று மூன்று காரணம் சொன்னார். முதல் இரண்டுக்கும் காசு தருகிறேன், மூன்றாவதற்கு நீ காதில் பஞ்சு வைத்துக்கொள் தம்பி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்ட நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தான். கூடவே அண்ணியின் தம்பி. ஒரு இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் அவனுக்குப் பம்பரம் என்று பேர்.

செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. அண்ணன் பட்டறைக்காரரையும் வேலையாட்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"வயலு உன்னுது. ஒத்துக்கறேன் பாப்பா. அந்தக் காடை என்ன உன் வயித்துலயா பொறந்துச்சு?"

"உன் வயித்துலயும் பொறக்கல."

பட்டறை முழுக்கச் சிரித்தது. பம்பரம்கூடச் சிரித்தான். அண்ணன் சாணை பிடித்து வைத்திருந்த கத்தி ஒன்றை எடுத்துக் கதவில் ஓங்கி அடித்தான். அது பாதி வரை இறங்கி நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுவடை நாள் காலையில் பனி உலர்ந்ததும் மெஷின் இறங்கியது. வயலின் இரண்டு முனைகளிலும் திரும்புவதற்கு இடம் அறுத்துக்கொண்டு, பிறகு நட்டநடுவில் நுழைந்தது. நான் வாய்க்கால் கரையில் நடந்தேன். என் டிராக்டரை, பின்னால் வட்டத் தகடுகள் வைத்த சட்டிக்கலப்பையோடு, கரையில் நிறுத்தி வைத்திருந்தேன், அறுத்து முடித்த முனையை உடனே உழுதுவிடலாம் என்று. என் வீட்டுக்காரர் முதல் லோடோடு மில்லுக்குப் போனார். மெஷின் ஒவ்வொரு நடையாக நடுவை அகலமாக்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கால்மாட்டில் ஒரு பெட்டைக் காடை தலையை நீட்டிப் பார்த்தது. பின்னால் குஞ்சுகள் வரிசை தப்பாமல் வந்து, புதருக்குள் புகுந்தன. அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகை சுலபத்தில் வராது. அதனால் நன்றாகவே அழுதேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கமாகக் கடைசித் துண்டு நிற்கிற நேரத்தில், அண்ணன் ஆட்களோடு வந்தான். கம்பு, நாய், எல்லாம் பழையபடி. வயலின் நடுவில் போய் நின்றார்கள். அங்கே என்ன இருக்கிறது? மழித்த தலை. இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகப் பயிர், நடுவில் வெறும் தாளும் வைக்கோலும். என்ன மாமா, காடை எல்லாம் லீவுல போயிருச்சா என்று பம்பரம் கேட்டது கரைவரைக்கும் கேட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மெஷின்காரரின் டீசல் கேன் வயலோரம் இருந்தது. அதை அவன் கையில் பார்த்தேன், தூரத்தில் அது தண்ணீர்க் கேன் என்று நினைத்தேன்.

பிறகு அவன் ஆட்கள் சொல்லித்தான் தெரியும். நடுவில் இல்லையென்றால் நடுவுக்கு வர வைப்போம் என்றிருக்கிறான். இரண்டு பக்கமும் பயிரின் வெளியோரத்தில் தீ வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் நடுவே ஓடி வரும், இவர்கள் கம்போடு நிற்பார்கள். ஆயுசு முழுக்க வளையத்துக்கு வெளியே நின்று பழகியவர்கள். இந்த முறை வளையத்துக்கு உள்ளே நிற்கிறோம் என்பது ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை. தங்கள் காலடியில் கிடந்த வைக்கோலும் காய்ந்ததுதான் என்பதும் ஏறவில்லை.

இடது பக்கம் புகை எழுந்ததும் மெஷின் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். மெஷின்காரர் மூன்றாவது கியரில் முனை வழியாக வெளியேறி ரோட்டில் ஏறியபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் என் பக்கம் பம்பரம் புதர் ஓரமாக ஓடி வந்துகொண்டிருந்தான். கையில் டீசல் துணி சுற்றிய கம்பு. பத்தடிக்கு ஒரு தரம் பயிரைத் தொட்டுக்கொண்டே வந்தான். தொட்ட இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு எழுந்தது. அவனுக்கு முன்னால் இன்னொருவன் கீழ்முனையிலிருந்து பற்ற வைத்துவிட்டுப் போயிருந்தான். நான் நின்ற இடம் மட்டும்தான் பாக்கி.

டிராக்டரிலிருந்து கடப்பாரையை எடுத்தேன். மாமா சொன்னாரு, நகருங்க என்றான். மணிக்கட்டில் அடித்தேன். உள்ளே எலும்பு முறிந்தது என் கைக்குத் தெரிந்தது. மற்றக் கையால் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் புதரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. முட்டியில் இன்னொன்று போட்டேன். அலறிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தான். அவன் கையிலிருந்து விழுந்த தீக்கம்பையும் பின்னாலேயே தண்ணீரில் தள்ளினேன். அவனுக்காக எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தமும் இல்லை.

இரண்டு லாரியை ஒட்டி நிறுத்தும் அகலத்துக்கு ஒரு இடைவெளி தீ இல்லாமல் மிஞ்சியது. இரண்டு பக்கமும் கோதுமை வெடித்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து எல்லாம் வர ஆரம்பித்தன. கவுதாரிகள் என் தோளை உரசிக்கொண்டு பறந்தன. ஒரு முயல் பற்றி எரிகிற முதுகோடு வந்து தண்ணீரில் குதித்தது. குஞ்சுகள் என் பாதத்தின்மேல் ஏறி ஓடின, அவற்றின் நகம் சொறிந்தது எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. வாங்க, வாங்க என்று பைத்தியம்போலக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

காற்று திரும்பியது. இடது பக்கத்துத் தீ தாளில் இறங்கி நடுவெளியை எடுத்துக்கொண்டது. முதலில் நாய்கள் வந்தன. பிறகு ஆட்கள், கம்பை எறிந்துவிட்டு, இருமிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, அதே இடைவெளி வழியாக. எதை மிதிக்கிறோம் என்று பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. அண்ணன் எங்கே என்று ஒருவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். மெஷின் சக்கரத் தடத்தில் கால் மடங்கி விழுந்துவிட்டான், எழ முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். ராஜாவின் படை அவ்வளவுதான்.

ஆட்கள் ஓடி வந்த கலவரத்தில் குஞ்சுகள் படுத்துவிட்டன. இடைவெளி முழுக்க, பயிரின் தூருக்குத் தூர், பழுப்பு முதுகுகள். அத்தனைக்கும் கண் திறந்திருந்தது. காலால் தள்ளினேன். கையால் அள்ளி அள்ளிப் புதருக்குள் எறிந்தேன். ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது இன்னும் மண்ணோடு ஒட்டியது. தீ இரண்டு பக்கமும் நெருங்கியது.

"பாப்பா."

உள்ளிருந்து வந்தது அந்தக் குரல். இரண்டாவது தடவை குரல் உடைந்திருந்தது.

உள்ளே நடந்து போய்விடலாம்; அவ்வளவு பெரிய ஆளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியாது. கலப்பையை இறக்காமல் டிராக்டரை விட்டால் திரும்பும்போது பாதை எரிந்துகொண்டிருக்கும், டீசல் டேங்கோடு இரண்டு பேரும் போய்விடுவோம். மண்ணைப் புரட்டிப் போட்டால் மட்டும் தீ அந்தத் தடத்தில் ஏறாது. இதெல்லாம் உழுகிற எவருக்கும் யோசிக்காமலே தெரியும். நானும் யோசிக்கவில்லை. வண்டியில் ஏறி, மூக்கை இடைவெளிக்கு நேராகத் திருப்பி, கலப்பையை இறக்கினேன்.

கீழே பார்க்காமல் ஓட்டினேன் என்று சொன்னால் பொய். பார்த்தேன். முன்சக்கரம் வரும்வரை அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட எழவில்லை, ஒன்றுகூடக் கத்தவில்லை. பின்னால் சட்டிகள் ஈரமண்ணைப் புரட்டி மூடிக்கொண்டே வந்தன.

அவன் குப்புறக் கிடந்தான். பூட்ஸின் ரப்பர் உருகிக் காலோடு ஒட்டியிருந்தது, பேன்ட் பற்றிக்கொண்டிருந்தது. மண்ணை வாரி அடித்து அணைத்தேன், அக்குளில் கைகொடுத்து இழுத்து வண்டியில் போட்டேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டான். வந்த தடத்திலேயே திரும்பினேன். இடைவெளியின் மிச்சப் பயிர் அப்போது இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. நடுவில் உழுத தடம் மட்டும் கறுப்பாக, குளிர்ச்சியாகக் கிடந்தது.

வாய்க்காலில் அவனைத் தள்ளிவிட்டு நானும் குதித்தேன். அவன் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு அடித்தேன். முகத்தில், காதில், தலையில், கை ஓய்ந்ததும் முழங்கையால். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். மூக்குத்தண்டு உடைந்து தண்ணீர் சிவந்தபின் அவன் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்து வெளியே போட்டார்கள்.

ஊரில் தன் வினை தன்னைச் சுடும் என்று பேசிக்கொண்டார்கள். சுட்டது யாரை என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. மறுநாள் நான் கலப்பையைக் கழுவினேன். சட்டிகளின் உள்பக்கம் மண்ணோடு பஞ்சு பஞ்சாக ஒட்டியிருந்தது. குழாயை முழு வேகத்தில் திறந்தும் போகவில்லை, நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு காலும் முட்டிவரை கட்டு, மூக்கில் பிளாஸ்திரி. இடது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். அண்ணி என்னைக் கண்டதும், தம்பியின் மணிக்கட்டு ஞாபகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். அண்ணன் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டினான். தீக்குள் வண்டியை விட்ட தங்கச்சி இவள்தான் என்று, ஏற்கெனவே அந்த வார்டு முழுக்கச் சொல்லி முடித்த கதையை இன்னொரு தரம் சொன்னான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சும்மாவா சொன்னாங்க பாப்பா. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு."

கையை உதறினேன்.

"அந்தச் சந்துல அத்தனையும் உயிரோட இருந்துச்சு. உன் தீ கொல்லல. உன் ஆளுங்க மிதிச்சும் பாதிக்கு மேல பொழச்சிருந்துச்சு. நான்தான் கலப்பைய எறக்கினேன். உனக்காக."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்க இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அடுத்த வருஷமும் நடுவுலேர்ந்துதான் அறுப்பேன்," என்றேன். "உள்ள நீ கெடந்து எவ்வளவு கத்தினாலும் வரமாட்டேன்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் தளர்ந்தது, தலையணையில் நிம்மதியாகச் சாய்ந்தான். நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். கூப்பிட்டால் மறுபடியும் ஏறி, மறுபடியும் கலப்பையை இறக்குவேன். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.